பல்லில் முளைத்த செடி

ஷேவிங் கிண்ணத்துக்குள் செடி இருப்பதைப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பல்செட் சார் தன் வாழ்க்கையிலேயே பெரிய சபதத்தை எடுத்தார். எடுத்த இடம், குளியலறை வாசல். எடுத்த கோலம், இடுப்பில் துண்டு, ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் செடி.

“இந்த வீட்டுல இனிமே ஒண்ணு நான் இருக்கணும், இல்லைன்னா இந்தச் செடிங்க இருக்கணும்! ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே தெரிஞ்சாகணும்!”

சமையலறையிலிருந்து பதில் வந்தது.

“செடிங்க இருக்கட்டுங்க. நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்க.”

வேறு என்ன செய்வது? போய்க் குளித்துவிட்டு வந்தார். ஆனால் சபதம் ஈரம் படாமல் அப்படியே இருந்தது.

பல்செட் சார் வேலை பார்ப்பது ஒரு பல் லேபில். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயை அளவெடுத்து, பிளாஸ்டரில் தாடை அச்சு வார்த்து, ஒரு நம்பர் போட்டு அனுப்புவார்கள். இவர் அந்த அச்சைப் பார்த்து அச்சு அசலாகப் பல்செட் செய்து கொடுப்பார். கெட்டிக்காரர். அவர் செய்த பல்லை மாட்டிக்கொண்டு பொய் சொன்னால்கூட உண்மை மாதிரி இருக்கும் என்று லேபில் சொல்வார்கள். லேபில் அவர் சிங்கம். வீட்டுக்குள் வந்தால் அந்தச் சிங்கத்துக்குப் பல்லும் கிடையாது, செட்டும் கிடையாது.

அவர் மனைவிக்குத் தபால் ஆபீசில் பார்சல் கவுன்ட்டர். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் செடியக்கா. கொழுகொழு இலையோடு, அதிகம் தண்ணீர் கேட்காமல் வளரும் குட்டிக் குட்டிச் சக்குலன்ட் செடிகள்தான் அவளுக்கு உயிர். அதையும் தொட்டியில் வைக்க மாட்டாள். தொட்டியில் வைத்தால் என்ன பெருமை? கெட்டிலில் வைப்பாள், டார்ச் லைட்டில் வைப்பாள், பழைய மேஜை டிராயரில் வைப்பாள். பிறந்தநாள், கல்யாணம், வேலை மாற்றம், யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் ஒரு செடி பரிசாகப் போகும். வாங்கியவர்கள் வாய் ஓயாமல் புகழ்வார்கள். பாத்திரத்தைப் பறிகொடுத்தவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்.

குளித்துவிட்டு வந்தவர் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“ஏம்மா, என் கிண்ணம்தான் கிடைச்சுதா உனக்கு?”

“விளிம்பு லேசா உடைஞ்சிருந்துச்சுங்க. தூக்கிப் போடறதுக்கு மனசு வரலை.”

“நான் எங்க தூக்கிப் போடச் சொன்னேன்? நான் தினம் அதுலதானே ஷேவ் பண்றேன்?”

“தினமா?” என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

“சரி, கிண்ணத்தை விடு. போன வாரம் என் டிபன் டப்பா. அதுக்கு முன்னாடி என் இடது கால் ஷூ!”

“அது ஜோடி இல்லாமக் கிடந்துச்சு.”

“ஏன் ஜோடி இல்லாமக் கிடந்துச்சு? வலது கால் ஷூவை அதுக்கு முந்தின வாரமே நீதானே எடுத்தே!”

“அதைத்தாங்க நானும் சொல்றேன். ஜோடி இல்லாமக் கிடந்துச்சு.”

இதற்கு மேல் எந்த வக்கீல் வந்தாலும் வாதாட முடியாது. பல்செட் சார் தட்டைப் பார்த்தார். அவள் மெதுவாக அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரலில் தேன் சொட்டியது. அந்தத் தேன் சொட்டும்போதெல்லாம் அவருடைய பொருள் ஏதாவது ஒன்று வீட்டை விட்டுப் போகும்.

“என்னங்க, ஒண்ணு கேக்கணும். செடிங்களுக்கு வெயில் பத்தலை. எல்லாம் கழுத்தை நீட்டிக்கிட்டு நெடுநெடுன்னு போகுது. நம்ம வீட்டுல வெயில் வர்றது அந்த ஒரு ஜன்னல்லதான். உங்க நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா…”

பல்செட் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கிண்ணம் போகட்டும். ஷூ போகட்டும். அந்த ஜன்னலோரச் சாய்வு நாற்காலி போனால் அவர் என்ன ஆவது? வாரம் முழுக்க ஊரான் பல்லைச் செதுக்கிச் செதுக்கிக் கழுத்து ஒடிந்துபோகிறது. ஞாயிறு மதியம், வயிறு நிறைந்தபின், அந்த ஜன்னல் வெயில் பாதத்தில் மட்டும் விழ, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு தூக்கம் போடுவார். அதற்காகத்தான் மீதி ஆறு நாளும் அவர் உயிரோடு இருந்தார். அதில் போய்க் கை வைப்பதா?

“முடியாது! சத்தியமா முடியாது! பெரிய செடி! பெரிய கலை! டப்பாவுல மண்ணைப் போட்டு, ஒரு செடியைச் சொருகினா அது கலையா? இதை நான் செஞ்சா உன்னைவிட நூறு மடங்கு நல்லா செய்வேன்!”

“செய்வீங்களா?”

“செய்வேன்!”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

யோசித்திருந்தால் ஏன் சொல்லப் போகிறார்? பேச்சு அதுபாட்டுக்கு வாயிலிருந்து கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. “அடுத்த ஞாயிறு செக்ரட்டரிக்குப் பிறந்தநாள். நீ ஒரு செடி குடு. நானும் என் கையால ஒண்ணு செஞ்சு குடுக்கிறேன். அவர் எதை நம்பர் ஒன்னுன்னு சொல்றாரோ, ஜன்னல் அவங்களுக்கு. சரியா?”

“அப்ப சரி” என்றாள் அவள்.

மனைவி சண்டை போட்டால் பயமில்லை. “அப்ப சரி” என்று சொன்னால்தான் பயப்பட வேண்டும். கல்யாணமான யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல்செட் சாருக்கு மட்டும் அன்றைக்கு அது காதில் சங்கீதமாகக் கேட்டது.

இந்த இடத்தில் செக்ரட்டரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செக்ரட்டரி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வு பெற்ற விஷயத்தை அவர் குரலுக்கு யாரும் சொல்லவில்லை. கட்டடத்தில் யாராவது லிப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் மொட்டை மாடியிலிருந்து அதட்டல் வரும். எதற்கும் முதலிடம், இரண்டாமிடம் கொடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தன் பிறந்தநாள் பரிசுகளைக்கூட மைக் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாகப் பிரித்து, கடைசியில் நம்பர் ஒன் எது என்று அறிவிப்பார். பல்செட் சாருக்கு அவர் என்றால் நடுக்கம். ஒரு தடவை கேட்டுக்குக் குறுக்கே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாங்கிய திட்டுக்குப் பிறகு, செக்ரட்டரி எதிரே வந்தால் இவர் தரையைப் பார்த்தபடியே நின்று, தரையைப் பார்த்தபடியே பதில் சொல்லி, தரையைப் பார்த்தபடியே நழுவிவிடுவார். செக்ரட்டரியின் செருப்பு என்ன நிறம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

சபதம் எடுத்தாயிற்று. எதில் செடி வைப்பது? வீட்டில் இருந்த டப்பா டவரா எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே செடியாக்கிவிட்டாள். பல்செட் சார் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். லேபில் வேலை முடிந்து வீசப்போன பழைய தாடை அச்சுகளை அவர் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது.

அப்போது பொறி தட்டியது. பல்லில் செடி! இந்த உலகத்தில் எவன் செய்திருப்பான்? கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுக் குழி தோண்டி, அங்கே செடி நட்டால்? சிரிக்கிற வாய்க்குள் பச்சைப் பசேல் என்று ஒரு தோட்டம்! பெட்டியை அலசினார். ஒரு அச்சு கையில் சிக்கியது. மேல்வரிசை முன்பல்லில் ஒன்று, பக்கத்துப் பல்லின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பது போலக் கோணலாக இருந்தது. அவருக்கு ஞாபகம் வந்தது. பல் ஆடுகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு செட் கட்ட வேண்டும், ஆனால் புதுப் பல்லும் பழைய பல் மாதிரியே கோணலாக இருக்க வேண்டும், வெளியில் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது என்று யாரோ ஒரு ஆசாமி டாக்டரிடம் அடம் பிடித்தானாம். அந்தக் கோணலைக் கொண்டுவர இவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ‘புதுசா பல்லு கட்டறவன் நேராக் கட்டிக்க மாட்டானோ, கிறுக்குப் பய’ என்று அப்போதே திட்டியிருந்தார்.

அந்த வாரம் முழுக்கப் பல்செட் சார் கட்டிய கூத்தை என்னவென்று சொல்ல? லேபிலிருந்து குட்டி டிரில்லைக் கொண்டுவந்து துளை போட்டார். மனைவியின் செடியிலிருந்தே, அவளைக் கேட்காமலே, கிளைகளைக் கிள்ளினார். பல் பிடுங்கும் கொறட்டால் செடியைப் பிடித்து நட்டார். முதல் நாள் நட்டது மறுநாள் படுத்துக்கொண்டது. மறுநாள் நட்டது அன்றைக்கே படுத்துக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை நட்டதும் நின்றது. ஈறுகளுக்கு இளஞ்சிவப்பு வர்ணம் பூசினார். பல்லுக்குப் பாலிஷ் போட்டார். தூர நின்று பார்த்தார். கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“தண்ணி வடியறதுக்கு வழி விட்டீங்களா?”

“தொண்டைப் பக்கம் விட்டிருக்கேன்.”

“இது யாரோட பல்லுங்க?”

“நம்பர்தான் வரும், பேர் வராது. யாரோட பல்லுன்னு வெளிய தெரிஞ்சா அந்த டாக்டர் எங்க லேப் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டார். முதலாளி என்னைச் சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவார். தொழில் ரகசியம்!”

“அந்த ரகசியத்தைத்தான் மைக் வெச்சுப் பிரிக்கப் போறாங்களா?”

“யாருக்கு என்ன தெரியப் போகுது? ஊர்ல எத்தனையோ வாய்!”

“இந்தக் கோணல் பல்லை நான் எங்கயோ பார்த்திருக்கேங்க. நீங்களும் ஒரு தடவை நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

பல்செட் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாருக்கு யார் பல்லைப் பத்திப் பாடம் எடுக்கறது? ஒரு பல்லை நான் ஒரே ஒரு தடவை நேர்ல பார்த்தாப் போதும். ஆயிரம் பேர் கூட்டத்துல நின்னாலும் ‘இது அவன் பல்லு’ன்னு சொல்லிடுவேன். உனக்குப் பொறாமை! தோத்துடுவோம்னு பயம்! ஒப்புக்கோ!”

“அப்ப சரி” என்றாள்.

இரண்டாவது தடவை.

“அப்புறம்மா… எனக்குக் காகிதம் மடிக்க வராது. பேக்கிங் மட்டும் நீயே பண்ணிக் குடுத்துடேன். நீதான் பார்சல் கவுன்ட்டர்ல எக்ஸ்பர்ட்டாச்சே.”

சண்டைக்குப் போகிறவன் எதிராளியிடமே கத்தியைக் கொடுத்து, கொஞ்சம் தீட்டிக் கொடு என்று கேட்ட கதைதான். அவள் மறுபேச்சில்லாமல் உள்ளே எடுத்துப் போனாள். காலையில் பார்த்தால் ஒரே அளவில் இரண்டு பெட்டி. ஒன்றின் மேல் அவள் சீட்டு, இன்னொன்றின் மேல் இவர் சீட்டு. கட்டினால் இப்படிக் கட்ட வேண்டும் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் கீழ்த்தள ஹால் நிரம்பிவிட்டது. ஒரு சின்ன மேடை, பலூன், கேக், மைக். மேஜை மேல் பரிசுப் பெட்டிகள் மலை மாதிரி. பல்செட் சார் முன்வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி வெற்றிப் புன்னகை செய்துகொண்டிருந்தார். மைக்கை வாங்கிய செக்ரட்டரி, மைக் இல்லாமலே கேட்கக்கூடிய குரலில் ஆரம்பித்தார்.

“எல்லாரும் என்னைக் கேக்கறாங்க, சார், இந்த வயசுலயும் எப்படி இவ்வளவு கம்பீரம்னு! ஒரே ரகசியம்தான். உடற்பயிற்சி! என் வாயில இருக்கிறது அத்தனையும் சொந்தப் பல்லு! ஒரு பல்லு ஆடினது கிடையாது! இதோ, இந்தப் பல்லு மட்டும் பிறவியிலேயே கோணல். ஆனா சொந்தக் கோணல்! எல்லாரும் நல்லாப் பாருங்க!”

உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார்.

எல்லாரும் பார்த்தார்கள். பல்செட் சாரும், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தலையைத் தூக்கிச் செக்ரட்டரியின் முகத்தைப் பார்த்தார்.

நேற்று மனைவியிடம் பல்செட் சார் சொன்னது பொய்யில்லை. ஒரே ஒரு தடவை நேரில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

பக்கத்துப் பல்லின் தோளில் கை போட்ட அதே பல். அவரே செதுக்கி, அவரே பாலிஷ் போட்ட பல். ‘பரவாயில்லை, நல்லாத்தான் செஞ்சிருக்கோம்’ என்று தொழில்காரர் மனசு ஒரு நொடி குளிர்ந்தது. அடுத்த நொடி கண் மேஜைக்குப் போனது. மேஜை மேல் பெட்டி. பெட்டிக்குள் இதே வாய். இன்னும் கொஞ்ச நேரத்தில் செக்ரட்டரி தன் கையாலேயே பிரித்து, தன் பழைய பல்லைத் தானே தூக்கி ஊருக்கெல்லாம் காட்டப் போகிறார். அதன்பிறகு பல்செட் சாருக்கு இந்தக் கட்டடத்தில் வீடும் இருக்காது, லேபில் வேலையும் இருக்காது. செக்ரட்டரியின் கை பட்டால் வாயில் பல்லும் இருக்காது.

“ஏம்மா!” என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார். வியர்த்துக் கொட்டியது. “அந்தப் பல்லு… அது… இவரோட பல்லும்மா!”

“அப்படியா?” என்றாள் அவள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்ன அப்படியா? நீ நேத்தே கண்டுபிடிச்சுட்டியா?”

“எனக்கு என்னங்க தெரியும் பல்லைப் பத்தி?”

மேடையில் முதல் பெட்டி பிரிந்தது. எதிர்வீட்டு டெய்லரம்மா தைத்துக் கொடுத்த தலையணை உறை. கைதட்டல்.

“நான் போய் அந்தப் பெட்டியை எடுத்துக்கிட்டு ஓடிடட்டுமா?”

“எல்லாரும் பாக்கறாங்க. பிறந்தநாள் பரிசைத் திருடிட்டு ஓடினாருன்னு சொல்வாங்க.”

“மயக்கம் போட்டு மேஜை மேல விழுந்துடட்டுமா?”

“விழுங்க. உங்களை ஓரமாப் படுக்க வெச்சுட்டு மீதியைப் பிரிப்பாரு.”

இரண்டாவது பெட்டி. சுவர்க் கடிகாரம். கைதட்டல். பல்செட் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“நீ மனசு வெச்சா முடியும்மா! ஏதாவது பண்ணும்மா! உனக்குப் புண்ணியமாப் போகும்!”

“பண்ணலாம். பந்தயம் என்ன ஆச்சு?”

“விட்டுட்டேன். தோத்துட்டேன்.”

“ஜன்னல்?”

“எடுத்துக்கோ.”

மேடையில் செக்ரட்டரி செடியக்காவின் பெட்டியைப் பிரித்தார். உள்ளே விளிம்பு உடைந்த ஒரு சாசரில் ஒற்றைச் செடி. “நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்று ஓரமாக வைத்தார். அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

“நாற்காலி?” என்று கேட்டாள்.

“நாற்காலியா? நாற்காலி பந்தயத்துலயே இல்லையேம்மா! ஜன்னலுக்குத்தானே பந்தயம்?”

“அடுத்து…” செக்ரட்டரியின் குரல் ஹாலை அதிர வைத்தது. “நம்ம பல்செட் சாரோட பரிசு!”

“எடுத்துக்கோ! நாற்காலியையும் எடுத்துக்கோ! தனியாவே எடுத்துக்கோ! என்னைக் காப்பாத்து!”

“உங்க வாயால குடுத்தது. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது.”

“மாட்டேன், மாட்டேன், போம்மா!”

அவள் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அசையக்கூட இல்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேடையைப் பார்த்தாள். பல்செட் சாருக்கு உலகமே இருண்டது. துரோகி! கட்டிய மனைவியே கழுத்தறுத்துவிட்டாளே! காகிதம் கிழிகிற சத்தம் அவருக்குப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு விம்மல் கேட்டது.

மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார். செக்ரட்டரியின் கையில் ஒரு பழைய தோல் கால்பந்து. பாதியில் வெட்டித் திறந்து, உள்ளே மண் நிரப்பி, விதவிதமான சக்குலன்ட் செடிகளை நெருக்கமாக நட்டிருந்தது. பச்சையும் சிவப்பும் சாம்பலுமாக, பந்துக்குள் ஒரு மைதானமே விளைந்திருந்தது. செக்ரட்டரி அந்தப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

“என் வாழ்க்கையே பந்துதான்யா! இத்தனை வருஷத்துல இதைப் புரிஞ்சுக்கிட்டவன் ஒருத்தன்கூட இல்லை! தலையைக் குனிஞ்சுக்கிட்டே போவாரே, மனசுக்குள்ள இவ்வளவு பாசமா? நம்பர் ஒன்! இதுதான் நம்பர் ஒன்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. பல்செட் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நேராக மனைவியின் காலில் விழத் துடித்தது. இப்படி ஒருத்தி கிடைக்க என்ன தவம் செய்தோமோ என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது நிஜமான கண்ணீர்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

செக்ரட்டரி மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடியும் மைக்கைப் பிடித்தார். “இப்பவே அறிவிக்கிறேன்! நம்ம கட்டடத்து விளையாட்டுப் போட்டிக்கு இனிமே கோப்பை கிடையாது! ஜெயிக்கிற எல்லாருக்கும் பல்செட் சார் கையால செஞ்ச செடிதான் பரிசு!”

“எங்க வீட்டுப் பழைய இஸ்திரிப் பெட்டியிலயும் ஒண்ணு வெச்சுக் குடுங்க சார்!” என்றாள் டெய்லரம்மா. “எங்க டீ கெட்டில்!” என்றது இன்னொரு குரல். “என் ஹெல்மெட்!” என்றது வேறொரு குரல்.

பல்செட் சார் பதறி எழுந்தார். “சார், ஒரு நிமிஷம், இதை நான்…”

சட்டையின் பின்பக்கம் இழுபட்டது. மனைவி மேடையைப் பார்த்துச் சிரித்தபடியே உதடு அசையாமல் சொன்னாள். “நீங்க செய்யலைன்னு சொன்னா, அப்ப நீங்க செஞ்சது எதுன்னு கேப்பாரு.”

“…இதை நான்தான் சார் செஞ்சேன்” என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் அவருக்குப் பழைய வீரம் வந்துவிட்டது.

“எப்ப மாத்தினே?”

“நேத்தே, பேக்கிங் பண்ணும்போது. கோணல் பல்லைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. தண்ணி மோட்டார் காசு வாங்க மாசாமாசம் வந்து வாசல்ல நின்னு சிரிக்கிறாரே. அவருக்காக நான் பார்த்துப் பார்த்துச் செஞ்ச பந்தை உங்க பெட்டியில வெச்சேன். அவசரத்துக்கு என் பெட்டிக்குச் சாசர்தான் கிடைச்சுது.”

“அப்ப ஹால்ல நான் தவிச்சேனே, அப்பவே பெட்டிக்குள்ள பந்துதானா?”

“ஆமா.”

“அப்ப ஏன் சொல்லலை?”

“நீங்க காப்பாத்தச் சொல்லித்தானே கேட்டீங்க? என்ன இருக்குன்னு கேக்கவே இல்லையே!”

பல்செட் சார் நறநறவென்று பல்லைக் கடித்தார். “அந்தப் பல்லு இப்ப எங்க?”

“இடிச்சுப் பொடியாக்கி மண்ணுல கலந்துட்டேன். தண்ணி நல்லா வடியும். அந்தப் பந்துக்குள்ளயும் ஒரு பிடி இருக்கு.”

தன் பழைய பல்லை மடியில் வைத்துக்கொண்டு செக்ரட்டரி கொஞ்சிக்கொண்டிருப்பதை நினைத்து அவருக்குத் தலை சுற்றியது. சுற்றி முடித்ததும் ஒரு யோசனை வந்தது. அபார யோசனை.

“இரு, இரு. செக்ரட்டரி நம்பர் ஒன்னுன்னு சொன்னது எந்தப் பெட்டியை? என் பேர் போட்ட பெட்டியை! அப்ப ஜெயிச்சது யாரு? நான்! ஹால்ல நான் சொன்னது செல்லாது. மிரட்டி வாங்கினது. ஜன்னல் எனக்கு!”

சண்டைக்கு இடுப்பில் கை வைத்து நின்றார். அவள் சண்டையே போடவில்லை.

“ஆமாங்க. நியாயம்தான். நீங்கதான் ஜெயிச்சீங்க. ஜன்னல் உங்களுக்கே.”

“அப்படி வா வழிக்கு!”

“நாற்காலி பந்தயத்துலயே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? அது நீங்க தனியாக் குடுத்தது. பொண்டாட்டிக்கு ஆசையாக் குடுத்ததை யாராவது திரும்பக் கேப்பாங்களா?”

அவர் இடுப்பிலிருந்த கையை இறக்கினார்.

“ஜன்னல் உங்ககிட்ட இருக்கிறதுதான் நல்லதுங்க” என்றாள் அவள் பரிவாக. “இவ்வளவு செடி செய்யணும்னா வெளிச்சம் வேணும்ல?”

அடுத்த ஞாயிறு மதியம் ஜன்னல் வெயில் வழக்கம் போலப் பாதத்தில் விழுந்தது. பல்செட் சார் ஜன்னலுக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் இஸ்திரிப் பெட்டி, வலது பக்கம் கெட்டில், காலடியில் ஹெல்மெட், நடுவில் மண் மூட்டை. செக்ரட்டரி காலையிலேயே வந்து, போட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருப்பதாகவும், ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவர்கள் எல்லாருக்குமே பரிசு உண்டு என்றும் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாரம் முழுக்க லேபில் பல். ஞாயிறு முழுக்க வீட்டில் மண். சல்லடையைப் பிடித்துச் சலித்துச் சலித்து, ஏற்கெனவே ஒடிந்திருந்த கழுத்து இன்னும் ஒடிந்தது. சலித்த மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, தன்னை அறியாமல் ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடியும் சல்லடையை எடுத்து உலுக்கினார்.

ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே, சாய்வு நாற்காலியிலிருந்து பேப்பர் மூடிய முகம் லேசாகத் திரும்பியது.

“என்னங்க, கொஞ்சம் சத்தமில்லாமச் சலிங்க. தூக்கம் கலையுது.”